கடைக்காரருக்கும் ஒரு பற்றுப் பக்கம்

அப்பாவின் பலசரக்குக் கடை களுவாஞ்சிக்குடியில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் இருந்தது. மேசை லாச்சியை இழுத்தால் வலப்பக்கம் தாள் காசு, இடப்பக்கம் குற்றிகள், பின்னால் மடித்து வைத்த பில்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. மீன்காரர் வந்து ஹோர்ன் அடித்தால் அம்மா அந்தக் கதவால் தலையை நீட்டுவார். அப்பா ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே லாச்சிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். என் ரியூஷன் காசு, தம்பியின் சப்பாத்து, கோயிலுக்குக் கட்டும் குடிப்பங்கு, அம்மம்மாவின் மருந்து எல்லாமே அந்த லாச்சியிலிருந்துதான் வந்தன. அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம் வேண்டுமென்றால் கேட்கவும் தேவையில்லை. கதவைத் திறந்து எடுத்து வந்தால் சரி.

மேசைக்கு மேலே நீளமான கொப்பி ஒன்று கயிற்றில் தொங்கும். அதுதான் பற்றுக் கொப்பி. அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. ஆசிரியர்கள் சம்பளத்தன்று தீர்ப்பார்கள். கமக்காரர்கள் "வெள்ளாமை வெட்டினாப் பிறகு தாறன்" என்று சொல்லி எழுதிவிட்டுப் போவார்கள். அரை இறாத்தல் பாண் எடுத்தாலும் அப்பா எழுதாமல் விடமாட்டார். அதில் அவர் மிகச் சரியானவர். ஆனால் அந்தக் கடையில் எல்லோரையும் விட அதிகம் எடுத்த குடும்பத்துக்கு அந்தக் கொப்பியில் பக்கம் இருக்கவில்லை. அது எங்கள் குடும்பம்.

இன்று நான் களுவாஞ்சிக்குடி தொடக்கம் கல்முனை வரை சில சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஹாட்வெயார் கடை, தையல் கடை, பேக்கரி, கோழித்தீன் விற்பவர் என்று பல வகை. புதிதாக ஒருவரின் கடைக்குப் போனால் முதல் நாள் நான் கேட்பது விற்பனையைப் பற்றி அல்ல. "வீட்டுக்கு எவ்வளவு எடுக்கிறீங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்கட கடைதானே தங்கச்சி, அதில எழுதுறதுக்கு என்ன இருக்கு?"

எழுத நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்குக் கடையிலிருந்து எடுப்பதை எங்கள் இலங்கைக் கணக்கீட்டுப் பாடத்தில் பற்று என்போம், எடுப்பனவு என்றும் சொல்வோம். தமிழ்நாட்டுக் கணக்கு நூல்களில் பற்று என்றால் வேறு பொருள். நாங்கள் வரவு (டெபிட்) என்று எழுதும் பக்கத்தை அங்கே பற்று என்பார்கள், நாங்கள் செலவு (கிரெடிட்) என்று எழுதும் பக்கம் அங்கே வரவு. இணையத்தில் தேடிப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் குழம்பிப் போகிறார்கள். ஊர்க் கடையிலோ பற்று என்றால் கடனுக்கு எடுத்தது. எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நிலப் பிரிவுக்கும் அதே சொல்தான்: மண்முனைப் பற்று, போரதீவுப் பற்று, அக்கரைப்பற்று. எனக்குப் பிடித்தது ஊர்க் கடையின் பொருள். கடைக்காரர் தன் கடையில் எடுப்பதும் ஒரு பற்றுத்தான், எல்லோரையும் போல அவருக்கும் ஒரு பக்கம் திறக்க வேண்டும். இப்படிச் சொன்னால் கணக்கே படிக்காதவருக்கும் உடனே விளங்கிவிடுகிறது.

ஏன் திறக்க வேண்டும்? கணக்கு எழுதும்போது கடை வேறு, கடைக்காரர் வேறு. சட்டப்படி தனி வியாபாரியும் அவர் கடையும் ஒன்றுதான். கடையின் கடனுக்கு அவர் வீடும் வளவும் பொறுப்பாகும். ஏட்டில் மட்டும் இரண்டு பேராக நிற்க வேண்டும். கடை அவரிடமிருந்து மூலதனம் வாங்கியது, அவருக்கே கடமைப்பட்டிருக்கிறது. அவர் எடுக்க எடுக்க அந்தக் கடமை குறைந்துகொண்டு வரும். இது புதிய சங்கதி அல்ல. இத்தாலியில் லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை 1494 இல் அச்சில் விளக்கியபோதே, வணிகர் தன் வீட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பதிவு மிகச் சுலபம். காசு எடுத்தால் பற்றுக் கணக்குக்கு வரவு, காசுக் கணக்குக்குச் செலவு. பொருள் எடுத்தால் பற்றுக் கணக்குக்கு வரவு, கொள்வனவுக் கணக்குக்குச் செலவு. பொருளை வாங்கிய விலைக்குத்தான் எழுத வேண்டும். 400 ரூபாய்க்கு வாங்கி 460 ரூபாய்க்கு விற்கும் பொருளை வீட்டுக்கு எடுத்தால் பற்று 400. நமக்கு நாமே விற்று 60 ரூபாய் இலாபம் காட்ட முடியாது. வருட முடிவில் பற்றுக் கணக்கின் மீதி மூலதனக் கணக்குக்குப் போகும். இலாப நட்டக் கணக்குப் பக்கம் அது தலைகாட்டவே கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். எழுதினால் போதும் என்று பிள்ளையின் ரியூஷன் காசைக் கடையின் 'ஏனைய செலவு'க்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடை உழைத்தது எவ்வளவு, வீடு சாப்பிட்டது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. வருமான வரிக்கும் அது ஆகாது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வீட்டுச் செலவை வியாபார இலாபத்திலிருந்து கழிக்க விடுவதில்லை. தனி வியாபாரி தனக்கென்று 'சம்பளம்' எழுதினாலும் அதுவும் பற்றுத்தான். வரி இலாபத்தின் மேல் வருகிறது, எடுத்ததன் மேல் வருவதில்லை. எதுவுமே எடுக்காமல் இருந்தாலும் வரி ஒரு சதமும் குறையாது, அள்ளி எடுத்தாலும் அது ஏறாது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருடம் 18 லட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் இருப்பதால் எங்கள் ஊர்ச் சிறு கடைகள் பல அந்த எல்லையைத் தாண்டாது. வரி கட்டுவதில்லை என்பதற்காகக் கணக்கே எழுதாமல் விடுவது வேறு விடயம், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி, எழுதாவிட்டால் என்ன நடக்கிறது என்று ஒரு கடையை வைத்துச் சொல்கிறேன். பலசரக்கு, விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாய் இலாபம், மாத விற்பனை 10 லட்சம் என்று வைப்போம். விற்ற பொருளின் கொள்விலை 9 லட்சம், மொத்த இலாபம் 1 லட்சம். அதே மாதம் 25,000 ரூபாய்ப் பொருள் வீட்டுக் குசினிக்குப் போயிருக்கிறது, எழுதவில்லை. இருப்பை எண்ணினால் அந்தப் பொருள் றாக்கையில் இல்லை, ஆகவே அதுவும் விற்றுப்போன பொருளோடு சேர்ந்துவிடும். கொள்விலை 9 லட்சத்து 25 ஆயிரம், மொத்த இலாபம் 75,000. இலாபத்தில் கால்வாசி காணாமல் போயிற்று. இப்போது கடைக்காரர் என்ன நினைப்பார்? விலை குறைத்து விற்கிறோம் என்று நினைப்பார். சப்ளையர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பார். அல்லது கடையில் நிற்கும் பையனைப் பார்ப்பார்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு கனக்கும்.

எங்கள் கடையிலும் ஒரு பையன் நின்றான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர்ப் பக்கம். காலையில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருவான். (வெளியூர் வாசகர்களுக்கு: ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம்.) அவனுக்குப் பதினேழு வயது. எனக்கும் அதே வயது, உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்துக்கொண்டிருந்தேன். 2011 இல் ஒருநாள் கொழும்புச் சாமான் லொறி வந்து நின்றது. பில் 42,000. அப்பா லாச்சியை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். எட்டாயிரம் குறைந்தது. அவர் சத்தம் போடவில்லை. "காசு எதுவும் எடுத்தியா மனே?" என்று மட்டும் கேட்டார். "நான் எடுக்கல்ல முதலாளி" என்றான். மறுநாளும் வந்து வேலை செய்தான். அதற்கு மறுநாள் வரவில்லை. பிறகு வரவேயில்லை.

அந்த மாதம்தான் பாடசாலையில் கணக்கீட்டுப் பரீட்சை. உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்த காசும் பொருளும் பதியப்படவில்லை, திருத்தப் பதிவு எழுதுக என்று ஒரு கேள்வி. நான் சரியாக எழுதினேன், முழுப் புள்ளி. வீட்டுக்கு வந்து அதே கதவால் சீனி எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். படித்த பாடமும் எங்கள் லாச்சியும் ஒரே சங்கதி என்று எனக்குப் படவேயில்லை.

அந்த வருடங்களில் எங்கள் வளவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கான வீடு. எங்கள் பக்கம் பெண்பிள்ளை கலியாணத்தின்போது வீட்டோடு நிற்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இது உண்டு. பெண்பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே தகப்பனுக்கு அந்த நினைப்புத்தான். கல் அரிந்து அடுக்குவார், அடுத்த வருடம் அத்திவாரம், அதற்கடுத்த வருடம் வளை மட்டம் என்று வருடக்கணக்கில் ஏறும்.

அந்தக் கட்டு வேலை எந்த மாதங்களில் நடந்தது என்பதைப் பிறகு யோசித்தபோதுதான் ஒன்று எனக்குப் பிடிபட்டது. மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. ஆறு மாதமாகப் பற்றில் எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தீர்ப்பார்கள். லாச்சி நிரம்பி வழியும். வருடத்தில் அப்படி நிரம்புவது அப்போதும், ஆவணிக்குப் பிறகு சிறுபோகத்தோடும்தான். அந்தக் காசைப் பார்த்ததும் கை தானாகச் சீமெந்துப் பக்கம் போகும். ஆனால் அது அந்த மாத இலாபமில்லை. ஐப்பசியில் கடனுக்குக் கொடுத்த பொருளின் காசு. அதில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பப் பொருளாக வந்து றாக்கையில் ஏற வேண்டியது, அல்லது சப்ளையருக்குப் போக வேண்டியது. அப்பா எடுத்தது தன் இலாபத்தை என்று நினைத்தார். உண்மையில் ஒவ்வொரு பங்குனியிலும் கடையின் ஒரு துண்டை எடுத்து என் வீட்டுச் சுவரில் வைத்தார். றாக்கைகள் கீழ்த்தட்டிலிருந்து வெறுமையாகத் தொடங்கின. 2014 இல் கடையை மூடினோம். ஊர்க்காரர் பற்றைத் தராததால் கடை விழுந்தது என்று அப்பா சொன்னார். நாங்களும் நம்பினோம்.

பற்றுக் கணக்கு எழுதாத கடைக்கு இன்னொரு குறையும் உண்டு. எடுத்ததை எழுதாதவர்கள் போட்டதையும் எழுதுவதில்லை. சித்திரைப் புத்தாண்டுச் சாமான் இறக்கக் காசு இல்லாதபோது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். மூன்று பவுண். அந்தக் காசில் வந்த சாமான் விற்று, கடை மூச்சு விடும். சங்கிலி சில வருடம் திரும்பி வந்தது, ஒரு வருடம் வரவில்லை. கடைக்கு அம்மா போட்ட மூலதனம் அது. எந்த ஏட்டிலும் இல்லை. நான் கணக்கு எழுதும் கடைகளில் இதை விடாமல் கேட்பேன்: மனைவியின் நகை, அவர் பெயரில் எடுத்த குழுக்கடன், சீட்டுக் காசு, வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பியது. கேட்கும்போது ஆண்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கதவுக்கு அப்பால் நிற்கும் அக்கா திகதியோடு சொல்வார்.

நடைமுறையில் நான் செய்விப்பது பெரிய காரியமில்லை. லாச்சிக்குள் ஒரு சின்னக் கொப்பி, நூலில் கட்டிய பேனை. வீட்டுக்கு எடுத்தால் திகதி, என்ன, எவ்வளவு. அவ்வளவுதான். இரவில் லாச்சியை எண்ணும்போது காலை இருந்த காசு, காசு விற்பனை, வந்த பற்று மூன்றையும் கூட்டி, கடைக்காகக் கொடுத்ததைக் கழித்தால் இருக்க வேண்டிய காசு வரும். கல்முனையில் ஒரு கடையில் முதல் இரவு 2,300 ரூபாய் குறைந்தது. கடைக்கார அண்ணனின் முகம் மாறிவிட்டது. இருந்து யோசித்தோம். மீன் 1,200. மகளின் ரியூஷன் 800. கோயில் உண்டியலுக்கு 200. நூறு ரூபாய் மிஞ்சியது. அது பின்னேரம் அவர் குடித்த தேத்தண்ணியும் வடையும். நான்கு வரி எழுதியதும் கணக்கு நேரானது. அந்த அண்ணன் அந்த நான்கு வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொப்பி ஒரு மாதம் ஓடினால் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு தொகையை ஒரேயடியாக எடுத்து வீட்டில் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் லாச்சியை இழுக்கத் தேவையில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்று நான் யாருக்கும் சட்டம் போடுவதில்லை. கடை வைப்பதே குடும்பம் சாப்பிடத்தான். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மின்சார மீற்றர் என்றால் எத்தனை பங்கு கடைக்கு என்று ஒருமுறை நியாயமாக முடிவெடுத்து அதிலேயே நில்லுங்கள். மோட்டார் சைக்கிளுக்கும் ஃபோனுக்கும் அப்படித்தான். கம்பனியாகப் பதிந்தவர்களுக்கு இந்தப் பற்று வழி கிடையாது. கம்பனி சட்டப்படியே வேறு ஆள், அதன் காசைப் பணிப்பாளர் சம்பளமாகவோ பங்கிலாபமாகவோதான் எடுக்க முடியும், இல்லையென்றால் கடனாக நிற்கும்.

கொப்பியே இல்லாத கடைக்கும் வழி உண்டு. வருடத் தொடக்கத்தில் கடையின் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மூலதனம். அதோடு வருடத்தில் புதிதாகப் போட்டதையும் இலாபத்தையும் கூட்டி, வருட முடிவு மூலதனத்தைக் கழித்தால் மிஞ்சுவது எடுத்தது. தொடக்கத்தில் 8 லட்சத்து 50 ஆயிரம், இலாபம் 4 லட்சத்து 20 ஆயிரம், புதிதாக எதுவும் போடவில்லை, முடிவில் 7 லட்சத்து 90 ஆயிரம் என்றால் எடுத்தது 4 லட்சத்து 80 ஆயிரம். உழைத்ததை விட அறுபதாயிரம் கூட எடுத்திருக்கிறார், அந்த அளவு கடை இளைத்திருக்கிறது. இந்தத் தொகையைச் சொன்னதும் யாரும் உடனே ஏற்பதில்லை. "அவ்வளவு எடுக்கல்லியே" என்பார்கள். எடுத்திருப்பார்கள். நூறும் இருநூறுமாக எடுத்தது நினைவில் நிற்பதில்லை.

போன வருடம் மாரிக்கு முன் என் வீட்டு மச்சைத் துப்புரவாக்கியபோது ஒரு பிஸ்கட் ரின் கிடைத்தது. உள்ளே வீடு கட்டிய பில்கள். சீமெந்து, கம்பி, ஓடு, மேசன் கூலித் துண்டுகள், மரக்காலைப் பற்றுச்சீட்டு. அப்பா எதையும் எறிவதில்லை. மூன்று இரவு இருந்து திகதிப்படி அடுக்கி சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதினேன். 2010 தொடக்கம் 2013 வரை, 11 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய். 2011 இல் அந்த எட்டாயிரம் குறைந்த மாதத்தில் மட்டும் ஏழு துண்டுகள் இருந்தன, எழுபதாயிரத்துக்கு மேல். எந்த நாளின் குறைவு எந்தத் துண்டுக்குப் போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அம்மாவைக் கேட்டேன். மேசன் வந்து நின்றால் தானும் எடுத்துக் கொடுத்ததுண்டு என்றார்.

கொப்பியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது எழுபத்தொரு வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்தார். அந்த மாதம் வந்ததும் விரல் நின்றது. கூட்டுத்தொகையை அவரே வாய்க்குள் திரும்பக் கூட்டிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப அந்தப் பொடியன்..." என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சேட் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "புள்ள, பாதை எத்தின மணிக்கு?" வாவியில் அன்று காற்று இல்லை. குருமண்வெளித் துறையில் நிழலுக்கு இருந்தபோது என் பையிலிருந்து அந்தக் கொப்பியையும் பேனையையும் கேட்டு வாங்கினார். நான் போட்ட கூட்டுத்தொகைக்குக் கீழே, பற்றுக் கொப்பியில் எழுதும் அதே நீட்டு எழுத்தில் ஒரு வரி எழுதினார்: 'சம்பளம், 11 நாள், குடுக்க வேண்டியது.'

"அந்த மாசம் அவனுக்குக் குடுக்கல்ல" என்றார். பாதை வந்து முட்டியது. சேட் பையில் இருந்த கடித உறையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.